வந்தும் வாராத படை

நான் குடியிருப்பது காக்கநாட்டில். சென்ற மாதம் ஒரு நாள் பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டாம் உலகப்போரைப் பற்றிய தடித்த ஆங்கில நூல் ஒன்று கையில் அகப்பட்டது. பொழுதுபோக்காகப் புரட்டிக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் திடுக்கிட்டு நின்றுவிட்டேன். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஓர் ஊரின் மீது குண்டு வீசின என்று கண்டிருந்தது. ஆங்கில எழுத்தில் அந்த ஊரின் பெயரைப் படித்த என் கண்ணுக்கு அது காக்கநாடு என்றே பட்டது!

மாலையில் வீடு திரும்பியதும் வீட்டுக்காரரிடம் ஓடினேன். எழுபது வயதைக் கடந்த மலையாளி அவர். நான் சொன்னதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "இங்கேயா? அந்தக் காலத்தில் இங்கே குண்டு போடுவதற்கு என்ன ஐயா இருந்தது? குண்டு விலைகூடக் கட்டுபடியாகாதே!" என்றார். பிறகுதான் மறுபடியும் நூலைப் பார்த்துத் தெளிந்தேன். அது நம் காக்கநாடு அன்று. ஆந்திரக் கரையிலுள்ள காக்கிநாடா. வெள்ளைக்காரன் தன் நாவுக்கு ஏற்றபடி எழுதிவைத்த பெயர் என்னை இவ்வாறு ஏமாற்றிவிட்டது.

ஏமாந்தது நல்லதாயிற்று என்றுதான் சொல்லவேண்டும். ஏனெனில் அந்தப் பக்கத்தை நான் அதன்பின் மூடவில்லை. காக்கிநாடாவில் குண்டு விழுந்த அதே வாரத்தில்தான், சென்னை இராயபுரத்தில் என் ஆயா, அதாவது என் தந்தையைப் பெற்றவர், எட்டு வயதுச் சிறுமியாய் இருந்தார். "சப்பான்காரன் வரான்" என்று ஊரே அலறியதாம். ஆயாவின் தந்தை ஓடு வேய்ந்த சொந்த வீட்டை, தெருவிலேயே தங்கிவிட்ட ஒருவரிடம் கேட்ட விலைக்கு விற்றுவிட்டு, குடும்பத்தோடு ஆரணிக்கு மாட்டுவண்டி கட்டினாராம். ஜப்பானியன் வரவில்லை. ஆனால் வீடு போனது போனதுதான். அதன் பிறகு அந்தக் குடும்பம் சொந்தக் கூரையின்கீழ் படுக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. "ஏண்டா கண்ணு, நாங்க ஓடனோமே, அவன் நெசமாவே வர்றதா இருந்தானா?" என்று ஆயா என்னைப் பலமுறை கேட்டதுண்டு. போர் வரலாறு படித்தவனா நான்? விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நண்பர்களே, கடாரம் கொண்ட சோழனின் கப்பற்படையைப் பற்றி நம் மாணவர் மன்றங்களில் ஆண்டுதோறும் யாராவது முழங்காமல் இருப்பதில்லை. நானே முழங்கியவன்தான். ஆனால் நம் பாட்டன் பாட்டிமார் கண்முன்னே, தமிழ்நாட்டுக் கரைக்கும் இலங்கைக்கும் அருகே, உலகின் மிகப் பெரிய கப்பற்படைகளில் இரண்டு ஒன்றையொன்று தேடி அலைந்த கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆயாவின் கேள்விக்கு விடை அந்தக் கதையில்தான் இருக்கிறது.

முதலில் அன்றைய நிலையைச் சொல்லவேண்டும். 1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பானியர் பெர்ல் துறைமுகத்தில் அமெரிக்கக் கப்பல்களைத் தாக்கினர். மூன்றே நாளில் மலேயாக் கடலில் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெரும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை விமானத்தாலேயே மூழ்கடித்தனர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் இரங்கூன். மார்ச் 23இல் அந்தமான். வரிசையைப் பாருங்கள், ஒவ்வொன்றும் நம்மை நோக்கி ஓர் அடி. சிங்கப்பூரிலும் மலேயாவிலும் பர்மாவிலும் பிழைக்கச் சென்றிருந்த தமிழர் எத்தனை இலட்சம்! உயிர் தப்பிக் கால்நடையாய் மலைகளைக் கடந்து வந்தவர்கள் சொன்ன செய்திகள், செய்தித்தாளை விட வேகமாக ஊர் ஊராய்ப் பரவின.

கேரளத்துக்கும் அடி விழுந்தது. ஆனால் வயிற்றில் விழுந்தது. கொச்சியும் திருவிதாங்கூரும் அன்று பர்மா அரிசியை நம்பி வாழ்ந்த நாடுகள். இரங்கூன் போனதும் அரிசி வரத்து நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. "என் அம்மா போரைப் பற்றி வேறொன்றும் சொன்னதில்லை, கப்பைக் கிழங்கைப் பற்றித்தான் சொல்வாள்" என்றார் வீட்டுக்காரர், சிரிப்பை நிறுத்திவிட்டு.

சிங்கப்பூர் போனபின் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷாருக்கு மிஞ்சிய பெரிய கப்பற்படைத் தளம் இலங்கைதான். மேற்கே கொழும்பு, கிழக்கே திருகோணமலை. மலேயாவின் இரப்பர் பறிபோன நிலையில் நேச நாடுகளுக்கு இயற்கை இரப்பர் தரும் முதன்மையான இடமும் இலங்கையே. அதனினும் பெரிது அதன் இருப்பிடம். எகிப்தில் போரிடும் படைக்குச் செல்லும் சரக்கும், பாரசீக வளைகுடாவிலிருந்து வரும் எண்ணெயும், இந்தியாவுக்கு வரும் படைகளும் இந்தக் கடலின் வழியாகவே போகவேண்டும். இலங்கை போனால் அந்த வழிகளின் கழுத்தில் ஜப்பானியன் கை விழும். இது சிறுபிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. பிற்காலத்தில் சர்ச்சில், தம்மை மிகவும் கலங்கவைத்த தருணம் ஜப்பானியப் படை இலங்கையை நெருங்கிய அந்த நேரமே என்று ஒரு விருந்தில் கூறியதாகச் சொல்வதுண்டு.

மார்ச் 26ஆம் நாள் செலிபிஸ் தீவிலிருந்து ஜப்பானியப் படை புறப்பட்டது. தலைவர் அட்மிரல் நகுமோ; பெர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே மனிதர். ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள்: அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷொகாகு, சுயிகாகு. உடன் நான்கு போர்க்கப்பல்கள். எதிரே இருந்த பிரிட்டிஷ் படைக்குத் தலைவர் அட்மிரல் சோமர்வில். பொறுப்பேற்றுச் சில நாளே ஆகியிருந்தன. எண்ணிக்கையில் அவரிடமும் கப்பல்கள் உண்டு. ஐந்து போர்க்கப்பல்கள், மூன்று விமானந்தாங்கிகள். ஆனால் அவற்றுள் நான்கு போர்க்கப்பல்கள் முதல் உலகப்போர்க் காலத்துக் கிழடுகள். வேகமும் இல்லை, வெகுதூரம் செல்லத் தண்ணீரும் போதாது. விமானங்களோ இரண்டடுக்கு இறக்கை கட்டிய பழைய வகையே பெரும்பாலும். பகல் வெளிச்சத்தில் நகுமோவின் முன் போய் நின்றால் அழிவு உறுதி என்பது சோமர்விலுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் அவரிடம் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று ராடார். ஜப்பானியக் கப்பல்களில் அன்று அது கிடையாது. இரவில் விமானத்தை ஏவி எதிரியைக் கண்டுபிடித்துத் தாக்க அவருடைய விமானிகளால் முடியும். மற்றொன்று ஓர் இரகசியம். மாலத்தீவுகளின் தென்கோடியில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில், அட்டு என்னும் பவளத்தீவு வளையம் உண்டு. இலங்கையிலிருந்து ஏறத்தாழ 600 மைல் தென்மேற்கே. அங்கே பிரிட்டிஷார் யாருமறியாமல் ஒரு தளம் அமைத்திருந்தனர். கொழும்பிலோ திருகோணமலையிலோ படை இருப்பதாக ஜப்பானியர் எண்ணிக்கொண்டிருக்க, உண்மையில் அது ஒளிந்துகொள்ளும் வீடு அட்டு. நம் ஊர்ச் சிறுவர் கண்ணாமூச்சி ஆடும்போது வைக்கோல் போருக்குப் பின்னே ஓர் இடம் பிடித்து வைப்பார்களே, அதுபோல.

இந்தப் போர் முழுவதுமே ஒரு கண்ணாமூச்சிதான். யார் கண்ணில் யார் முதலில் படுவது என்பதிலேயே எல்லாம் அடங்கியிருந்தது.

ஜப்பானியர் ஏப்ரல் 1ஆம் நாளளவில் தாக்குவர் என்று பிரிட்டிஷ் ஒற்றர் பிரிவு கணித்தது. சோமர்வில் இலங்கைக்குத் தெற்கே கடலில் காத்திருந்தார். முதல் தேதி போயிற்று. இரண்டாம் தேதியும் போயிற்று. யாரும் வரவில்லை. கிழட்டுக் கப்பல்களில் தண்ணீர் தீர்ந்துவந்தது. கணிப்புப் பொய்த்தது போலும் என்று எண்ணி அவர் அட்டுவுக்குத் திரும்பினார். 'டார்செட்ஷயர்', 'கார்ன்வால்' என்னும் இரண்டு குரூசர்களைக் கொழும்புக்கு அனுப்பினார். 'ஹெர்மிஸ்' என்னும் சிறிய விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கு அனுப்பினார். தேதி கணித்தவர்கள் நான்கு நாள் தவறினார்கள், அவ்வளவே. அந்த நான்கு நாளுக்கு விலையாய்ப் போன உயிர்களைப் பின்னால் காண்போம்.

ஏப்ரல் 4ஆம் நாள், சனிக்கிழமை. காலி நகருக்கு அருகே கொக்கலை என்று ஒரு களப்பு இருக்கிறது. அங்கிருந்து விடியுமுன் ஒரு கட்டலினா விமானம் புறப்பட்டது. நீரிலேயே இறங்கி நீரிலிருந்தே எழும்பும் 'பறக்கும் படகு' அது. ஓட்டியவர் கனடா நாட்டவர், லெனார்ட் பர்ச்சல். இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தன. உடன் எட்டுப் பேர். நாள் முழுவதும் வெறுங்கடலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. ரோந்து முடியும் தறுவாயில், மாலை நான்கு மணியளவில், தென்கிழக்கே ஏறத்தாழ 350 மைலுக்கு அப்பால் அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன.

திரும்பிவிட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். பர்ச்சல் திரும்பவில்லை. எண்ணிப் பார்க்கவேண்டும் என்று நெருங்கினார். நெருங்க நெருங்கப் புள்ளிகள் கப்பல்களாயின, கப்பல்கள் விமானந்தாங்கிகளாயின. அவற்றிலிருந்து சீரோ விமானங்கள் எழும்பிவிட்டன. கட்டலினாவின் வேகம் அவற்றின் வேகத்துக்கு ஈடே இல்லை. கம்பியில்லாத் தந்திக்காரர் எதிரியின் இடத்தையும் திசையையும் எண்ணிக்கையையும் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கினார். ஒரு செய்தியைத் தவறில்லாமல் சேர்க்கப் பலமுறை அனுப்புவது வழக்கம். மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போது குண்டு பாய்ந்து தந்திக் கருவி சிதறியது. விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேரை ஜப்பானியர் கைதிகளாய்த் தூக்கிக்கொண்டனர்.

ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது!

அன்றிரவு கொழும்புத் துறைமுகம் காலியாயிற்று. நங்கூரம் எடுக்கக்கூடிய கப்பல் எல்லாம் கடலில் சிதறி ஓடின. மறுநாள் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணியளவில், தேவாலயங்களில் மணி ஒலிக்கும் நேரத்தில், சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது வந்தன. தலைமை தாங்கியவர் பெர்ல் துறைமுகத்தின் மேல் பறந்த அதே புச்சிடா. இன்னொரு பெர்ல் துறைமுகத்தை எதிர்பார்த்து வந்தவருக்குப் பெரும்பாலும் வெறுந்தண்ணீரே காத்திருந்தது. 'டெனடாஸ்' என்னும் பழைய நாசகாரிக் கப்பலும் 'ஹெக்டர்' என்னும் துணைக் கப்பலும் மூழ்கின. அங்கொடையிலிருந்த மனநோய் மருத்துவமனையின் மேலும் குண்டு விழுந்தது. போர் என்பது எத்தகைய குருடு என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். வேடிக்கை என்றா சொல்வது? முதல் நாள் மாலையே செய்தி வந்தும், விடியும்முன் எல்லாரும் விழித்திருந்தும், எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே இரத்மலானை விமானத்தளத்தார் அறிந்தனர். ராடார் எச்சரிக்கை அவர்களுக்கு வந்து சேரவில்லை. மேலே சண்டை தொடங்கிய பிறகு ஹரிக்கேன் விமானங்கள் தரையிலிருந்து ஏறின. மேலே இருப்பவனுக்குக் கீழிருந்து ஏறி வருபவன் எளிய இரை. பிரிட்டிஷார் அன்று இழந்த விமானங்கள் 25க்கு மேல். ஜப்பானியர் இழந்தவை 7. அந்த இழப்பு இன்னும் பெரிதாகாமல் காத்தது ஒரு குதிரைப் பந்தயத் திடல். கொழும்புப் பந்தயத் திடலை அவசரமாக விமான ஓடுதளமாக்கி வைத்திருந்தனர். அதை ஜப்பானியர் அறியவில்லை. அங்கிருந்த விமானங்கள் தடையின்றி எழும்பின.

அதே நாள் பிற்பகல். அந்த இரண்டு குரூசர்களும் இரவோடிரவாகக் கொழும்பை விட்டுச் சோமர்விலோடு சேரத் தெற்கே விரைந்துகொண்டிருந்தன. நகுமோவின் வேவு விமானம் ஒன்று அவற்றைக் கண்டுவிட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் செங்குத்தாய்ப் பாய்ந்தன. இருபது நிமிடத்துக்குள் இரண்டு கப்பல்களும் நீருக்குள் போயின. 424 பேர் மாண்டனர். எஞ்சிய 1,122 பேர் எண்ணெய் படிந்த கடலில், வெயிலில், மிதக்கும் பலகையையும் படகையும் பற்றிக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் மறுபடி ஒரு பகலும் கிடந்தபின் மீட்கப்பட்டனர்.

இவ்விரு கப்பல்களும் மூழ்கிய இடத்துக்கு நூறு மைலுக்குள் சோமர்வில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். நகுமோ இன்னும் சற்றுத் தென்மேற்கே துழாவியிருந்தால் பிரிட்டிஷாரின் இரண்டு நல்ல விமானந்தாங்கிகளும் அவர் கண்ணில் பட்டிருக்கும். அன்றே கதை முடிந்திருக்கும். அவர் துழாவவில்லை. சோமர்வில்லும் அன்று மாலை இரண்டு விமானங்களை அனுப்பி நகுமோவைத் தேடினார். கண்டும்விட்டன. ஆனால் ஒன்றை ஜப்பானியர் வீழ்த்தினர். மற்றொன்று அடிபட்டு மீண்டது. கிடைத்த செய்தி குழப்பமாயிருந்தது. எதிரி வடமேற்கே போகிறான் என்று எண்ணிச் சோமர்வில் அந்தப் பக்கம் திரும்பினார். எதிரி போனதோ தென்கிழக்கே. இருட்டில் இரண்டு படைகளும் முதுகைக் காட்டிக்கொண்டு விலகின. சோமர்வில் விரும்பிய இரவுத் தாக்குதல் நடக்கவே இல்லை. நடந்திருந்தால் யார் பிழைத்திருப்பார்? அவர் தப்பியது அவருடைய திறமையாலா, அந்தப் பிழைச் செய்தியாலா? பிழைச் செய்தியால்தான் என்பது என் கருத்து. மாறுபடுவோர் மன்றக் கூட்டத்தில் என்னோடு வழக்காடலாம்.

இதற்கிடையில் வங்கக் கடலில் அட்மிரல் ஒசாவா என்பவர் தலைமையில் மற்றொரு ஜப்பானியப் படை புகுந்து, காவலின்றிச் சென்ற வணிகக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது. சில நாட்களில் 20க்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. அந்தப் படையின் விமானங்கள்தாம் ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும், என்னை ஏமாற்றிய காக்கிநாடாவிலும் குண்டு வீசின. இந்திய மண்ணின் கிழக்குக் கரையில் குண்டு விழுந்துவிட்டது! சென்னை எப்படி இருக்கும்? ஏற்கெனவே சூடு கண்ட பூனை அது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சுட்டதில் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததும், ஊர் ஓடியதும் அன்றைய பெரியவர்களுக்கு நினைவிருந்தது. கொடுமைக்காரனை 'எம்டன்' என்று இன்றும் தமிழில் சொல்கிறோம் அல்லவா? இப்போது அரசாங்கமே, வேலையில்லாதோர் நகரை விட்டு வெளியேறுக என்றது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். அரசாங்கமே சிங்கத்தைச் சுடுகிறபோது, ஆயாவின் தந்தை வீட்டை விற்றது பேதைமை என்று நான் எப்படிச் சொல்வேன்?

கொழும்பிலும் அதே கதை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பலர் இந்தியத் தமிழரும் மலையாளிகளும். குண்டு விழுந்ததும் ஊர் திரும்பத் தலைமன்னார்ப் பக்கம் கூட்டம் கூட்டமாய்க் கிளம்பிவிட்டனர். துறைமுகம் தப்பியது, சரக்கிறக்க ஆளில்லை.

ஏப்ரல் 9. நகுமோ சுற்றிக்கொண்டு கிழக்கே வந்து திருகோணமலையைத் தாக்கினார். இம்முறையும் ஒரு கட்டலினா அவர்களைக் கண்டது. அதிலிருந்தவர் ஒருவரும் மீளவில்லை. இம்முறை ராடாரும் சரியாக வேலை செய்தது. துறைமுகத்திலிருந்து முதல் நாள் இரவே கப்பல்கள் வெளியேறியிருந்தன. ஆயினும் சீனக்குடா விமானத்தளம் சிதைந்தது. 'சகாயிங்' என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தொட்டியொன்றின் மேலேயே விழுந்து பெருந்தீ மூண்டது. அங்குள்ள தமிழ் முதியவர்கள் அந்தப் புகையைப் பற்றி நெடுங்காலம் பேசியிருக்கவேண்டும்.

வெளியேறிய கப்பல்களில் ஒன்று ஹெர்மிஸ். கரையோரமாய்த் தெற்கே போய், ஆபத்து நீங்கியது என்று எண்ணித் திரும்பி வரும்போது மட்டக்களப்புக்கு எதிரே அகப்பட்டுக்கொண்டது. விமானந்தாங்கி என்று பெயர். அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் விமானங்கள் கரையிலே நின்றுவிட்டன. பத்து நிமிடங்களில் நாற்பது குண்டுகள் விழுந்தன என்கிறார்கள். கப்பலோடு 307 பேர் மாண்டனர். உடன் வந்த 'வேம்பயர்' என்னும் ஆஸ்திரேலிய நாசகாரியும் மூழ்கியது. 'வீட்டா' என்னும் மருத்துவக் கப்பல் அவ்வழியே வந்தது. அதை ஜப்பானியர் தொடவில்லை. அது ஏறத்தாழ அறுநூறு பேரைத் தூக்கிக் காத்தது.

அன்று நடந்த மற்றொன்றை வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கோ அதுதான் இந்தப் போரிலேயே மிக முக்கியமாகப் படுகிறது. கொழும்புப் பந்தயத் திடலிலிருந்து ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் புறப்பட்டு நகுமோவின் படையைக் கண்டுபிடித்தன. ராடார் இல்லாத ஜப்பானியர் அவற்றைக் காணவே இல்லை. தலைமைக் கப்பலான அகாகியைச் சுற்றிக் குண்டுகள் விழுந்து தண்ணீர்த் தூண்கள் எழும்பிய பிறகே அண்ணாந்து பார்த்தனர். ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. ஒன்பதில் ஐந்து விமானங்கள் வீழ்ந்தன. கணக்குப் பார்த்தால் தோல்வி. ஆனால் அந்தப் படைக்கு அது எவ்வளவு பெரிய எச்சரிக்கை! 'உன் தலைக்கு மேல் எதிரி வரும்வரை உனக்குத் தெரியாது' என்று இந்தியப் பெருங்கடல் சொல்லிக் கொடுத்த பாடம். அவர்கள் படிக்கவில்லை. இரண்டே மாதத்தில், 1942 ஜூன் மாதம், மிட்வே தீவருகே அதேபோல் மேலிருந்து அமெரிக்க விமானங்கள் பாய்ந்தபோது அகாகியும் சோர்யூவும் ஹிர்யூவும் கடலடிக்குச் சென்றன.

இனி ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். அவன் வருவதாக இருந்தானா?

இல்லை. நகுமோவோடு படைவீரரை இறக்கும் கப்பல் ஒன்றுகூட வரவில்லை. அவர் வந்தது பிரிட்டிஷ் கப்பற்படையைத் தேடி அழிக்க. நிலத்தைப் பிடிக்க அன்று. ஜப்பானியக் கப்பற்படைத் தலைவர்கள் சிலர் இலங்கையைப் பிடிக்கவேண்டும் என்று திட்டம் போட்டது உண்மை. அதற்குத் தரைப்படை வேண்டும். தரைப்படைத் தலைவர்களோ சீனாவிலும் பர்மாவிலும் சிக்கியிருந்தனர். வடக்கே சோவியத்து நாட்டின் மேலும் ஒரு கண். ஆள் தர முடியாது என்று மறுத்துவிட்டனர். ஆக, இராயபுரத்தில் வண்டி கட்டிய அந்த நாளில், தோக்கியோவில் அந்தப் பேச்சே முடிந்துபோயிருந்தது. திருகோணமலையைத் தாக்கியதும் நகுமோ ஊர் திரும்பினார். அத்தகைய பெரும்படை அதன்பின் இந்தக் கடலுக்குள் வரவே இல்லை. சோமர்வில் தம் கிழட்டுக் கப்பல்களை ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கிலிண்டினிக்கும், வேகக் கப்பல்களைப் பம்பாய்க்கும் அனுப்பினார். அவரும் ஓடியவரே! வெற்றி பெற்றவன் வீட்டுக்குப் போக, தோற்றவன் கையில் கடல் மிஞ்சிய வினோதப் போர் இது.

இதை எழுதுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் போய் உட்கார்ந்தேன். மிளகு மணக்கும் கிடங்குத் தெருக்களைக் கடந்து வந்தால் எதிரே வில்லிங்டன் தீவு. பிரிஸ்டோ என்னும் பொறியாளர் கடலடி மண்ணை வாரி எடுத்துத் துறைமுகமும், அந்த மண்ணைக் கொட்டித் தீவும் ஆக்கினார். அந்த வேலை முடிந்து அவர் கொச்சியை விட்டுச் சென்றது 1941இல்; ஜப்பானியர் வருவதற்குச் சரியாக முன்னே. இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 300 கடல்மைல்தான். கிழக்கே திரும்பிய நகுமோ மேற்கே திரும்பியிருந்தால் இந்தக் கரையின் கதை வேறு. சற்றுத் தள்ளிக் கப்பல் கட்டும் தளத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன. இங்கே கட்டிய விக்ராந்த் 2022 செப்டம்பரில் கப்பற்படையில் சேர்ந்தது. அதற்கு முன் நம்மிடமிருந்த விராட் 1987இல் நம் கப்பற்படையில் சேர்ந்தது. பிரிட்டனில் அதன் பழைய பெயர் என்ன தெரியுமா? ஹெர்மிஸ். மட்டக்களப்பில் மூழ்கிய கப்பலின் பெயரைத்தான் அதற்குப் பின்னர் இட்டிருந்தார்கள். 2016இல் கடைசிச் செப்பனிடலுக்கு அது கொச்சிக்கு வந்து போயிற்று. முதல் ஹெர்மிஸ் இன்னும் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கிறது; முக்குளிப்போர் போய்ப் பார்த்து வருகிறார்கள். சகாயிங்கை மட்டும் 2018இல் இலங்கைக் கடற்படையினர் நீருக்கு மேல் தூக்கினர்.

படகுத்துறையிலிருந்தே ஆயாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். தொண்ணூறு வயதைத் தாண்டியவர், காது மந்தம். கத்திக் கத்தி முழுக் கதையையும் சொன்னேன். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். அவன் வருவதாகவே இல்லை என்று சொன்னபோது ஆயா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, "அந்தக் கப்பலுங்களைப் பாத்துட்டுச் சேதி சொன்னானே, அந்தப் புள்ள பொழைச்சானா?" என்று கேட்டார்.

பிழைத்தார் என்றேன். 1945 வரை ஜப்பானில் கைதியாய் இருந்தார். அவர் இறந்துவிட்டார் என்றே வீட்டார் நினைத்திருந்தனர். முகாமில் நோயாளிக் கைதிகளை அடிக்க வந்த காவலரை எதிர்த்து நின்று தாம் அடி வாங்கினார். ஊர் திரும்பி 2004 வரை வாழ்ந்தார் என்று சொன்னேன்.

"நல்லா இருந்தான் இல்ல, அது போதும்" என்றார் ஆயா. சற்றுப் பொறுத்து, "எங்கப்பாவுக்கு மட்டும் ஒருத்தரும் சேதி சொல்லலையேடா. அந்த வீட்டுல கெணத்துத் தண்ணி அப்பிடி இருக்கும்" என்றார்.